வெள்ள நிவாரண வேலைக்கு வரணுமா? வடசென்னைல இருந்து கொஞ்சம் விவரம்

டிசம்பர் வந்து ரெண்டு நாள் விடாம மழை அடிச்சா போதும், "நானும் வரேன், எங்க வரணும், என்ன எடுத்துட்டு வரணும்"னு போன் வர ஆரம்பிச்சிடும். எல்லாரும் மனசார கேக்கறவங்கதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த நேரத்துல ஒருத்தர உக்கார வெச்சு சொல்லித்தர எங்க யாருக்கும் நேரம் இருக்காது, வண்டி லோடாகிட்டு இருக்கும், ஒரு பக்கம் வியாசர்பாடில இருந்து கூப்புடுவாங்க இன்னொரு பக்கம் எர்ணாவூர்ல இருந்து கூப்புடுவாங்க. அதனால இப்பவே எழுதி வெக்கிறேன். நான் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல சம்பளத்துக்கு வேலை பாக்கறேன். லீவு நாள்ல மட்டும் வரணும்னு நெனைக்கிறவங்களுக்கும், இதையே முழு நேர வேலையா எடுத்துக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும் சேத்துதான் இது.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த வேலைல கஷ்டம்னா இடுப்பளவு தண்ணி, பாம்பு, சாக்கடை நாத்தம், தூக்கமில்லாத ராத்திரின்னுதான் வெளிய இருக்கறவங்க நெனைக்கிறாங்க. அதெல்லாம் பழகிடும். பழகவே பழகாதது என்னன்னா, நூறு பேர் நிக்கிற எடத்துல அறுவது பேருக்கு பொருள் வெச்சுகிட்டு, அறுவத்தி ஒண்ணாவது ஆள் முகத்த பாத்து "இல்லக்கா"ன்னு சொல்றது. அந்த "இல்ல"ய எவ்ளோ கம்மியா சொல்ற மாதிரி முன்னாடியே ஏற்பாடு பண்றதுதான் இந்த வேலைல பாதி, சொல்லியே ஆகணும்னா அத எப்படி சொல்றதுங்கறது மீதி. கீழ எழுதறதெல்லாம் இந்த ரெண்டுக்குள்ளதான் அடங்கும்.

ஏரியாவ தெரிஞ்சுகிட்டு வாங்க

வடசென்னைல தண்ணி எப்படி வருதுன்னு தெரியாம இங்க வேலை செய்ய முடியாது. பூண்டி, புழல் பக்கம் தெறந்து விடற உபரி தண்ணியெல்லாம் கடைசில எண்ணூர் முகத்துவாரத்துக்குதான் வந்தாகணும். கொசஸ்தலை ஆறு அங்கதான் கடல்ல கலக்குது, புழல் உபரி கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியா அங்கதான் வருது, பக்கிங்காம் கால்வாயும் அங்கதான். ஓட்டேரி நல்லாங்கற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய் ரெண்டும் பக்கிங்காம் கால்வாய்ல போய் சேருது. கடல் ஏறி நிக்கிற நேரத்துல முகத்துவாரம் தண்ணிய வாங்கிக்காது, அப்படியே பின்னாடி தள்ளும். அதனாலதான் மழை நின்னு வெயிலே அடிச்சாலும் மணலி பக்கம் தண்ணி ஏறிகிட்டே இருக்கும். புதுசா வரவங்க மழை விட்டுச்சு, அப்பாடான்னு வீட்டுக்கு கெளம்புவாங்க, ஆனா எங்களுக்கு அப்பதான் வேலையே ஆரம்பிக்கும். ஏரில எத்தன கன அடி தெறந்திருக்காங்க, அன்னிக்கு கடல் ஏத்தம் எத்தன மணிக்கு, இந்த ரெண்டையும் காலைல எழுந்ததும் பாக்கற பழக்கம் வரணும்.

அடுத்தது, ஒவ்வொரு பேரிடரும் வேற வேற. 2004 டிசம்பர் 26 சுனாமி அப்போ குப்பங்கள்ல உயிரு, படகு, வலை எல்லாம் போச்சு. 2015ல ஊரு முழுக்க வெள்ளம், ஆனா டிவில பெருசா வந்தது அடையாறு ஆத்தோரம்தான், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் நின்ன தண்ணிக்கு அவ்ளோ கேமரா வரல. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல தண்ணிய விட காத்துதான், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டெல்லாம் பறந்து, கரண்ட் இல்லாம நாள் கணக்குல கெடந்தோம், அப்ப தேவைப்பட்டது தார்பாய், டார்ச், குடிதண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் அப்போ புயல் கரை கடந்தது ஆந்திரால பாபட்லா கிட்ட, மழை கொட்டுனது நம்ம தலைல. அதுவும் பத்தாதுன்னு மணலி பக்கத்துல இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து எண்ணூர் கழிமுகத்துக்கே வந்துடுச்சு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் பக்கம்லாம் படகு, வலை, சுவரு எல்லாத்துலயும் கருப்பா ஒட்டிகிட்டு, கழுவினாலும் போகாம கெடந்துச்சு. அந்த நேரத்துல அங்க பிரெட் பாக்கெட்டோட போய் நின்னா என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு தொழிலே போச்சு, ஆத்துல எறா, நண்டு புடிச்சு அன்னன்னிக்கு வித்து சாப்புடறவங்க. புது வலை வாங்க காசு, தோல் அரிப்புக்கு மருத்துவ முகாம், நஷ்டஈடு மனு எழுதித்தர ஆளு, இதான் அங்க நிவாரணம்.

எண்ணெய்ன்னு பேச்சு வந்ததால இதையும் சேத்து சொல்லிடறேன். 2017 ஜனவரில காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுனப்போ, எர்ணாவூர் கரைல ஜனங்க வாளிய வெச்சு அள்ளினத நாடே பாத்துச்சு. ஆர்வத்துல வெறுங்கையால தொடாதீங்க. கைக்கு தடிமனான க்ளவுஸ், மூக்குக்கு சரியான மாஸ்க், காலுக்கு பூட்ஸ் இல்லாம எண்ணெய் வேலைக்கு எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் போகாதீங்க, எங்க நிறுவனமா இருந்தாலும் சரி.

எந்த நிறுவனத்துல சேர்றது

பேப்பர மொதல்ல கேளுங்க. பதிவு இருக்கா, 12ஏ, 80ஜி (வருமான வரி சலுகைக்கான பதிவு) இருக்கா, வருஷா வருஷம் ஆடிட் ஆகுதா. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா குடுக்கறவங்களுக்கு 80ஜி வரிச்சலுகை கெடையாது, அதனால பெரிய தொகைய "கேஷாவே குடுங்க சார்"னு கேக்கற எடம்னா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. வெளிநாட்டு பணம் வாங்கறாங்கன்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டம்) பதிவு கட்டாயம் இருக்கணும். அந்த சட்டத்த 2020ல திருத்துனதுக்கப்புறம், அந்த பணத்துல நிர்வாக செலவு 20 சதவீதத்த தாண்டக்கூடாது, முன்னாடி 50 வரைக்கும் இருந்துச்சு. வாங்கின பணத்த இன்னொரு அமைப்புக்கு பிரிச்சு குடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனத்த நம்பி இருந்த சின்ன சின்ன லோக்கல் அமைப்புங்களுக்கு இது பெரிய அடி. சம்பளம் ஏன் கம்மியா இருக்கு, ஆபீஸ்ல ஏன் ஆளே இல்ல, ஒரே ஆள் ஏன் அக்கவுண்ட்ஸும் பாத்து லோடும் ஏத்தறாருன்னு யாராவது கேட்டா இதுவும் ஒரு காரணம்.

பேப்பர் சரியா இருந்தா மட்டும் பத்தாது. நான் கேக்க சொல்ற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "மார்ச் மாசத்துல நீங்க எந்த தெருவுல இருப்பீங்க?" வெள்ளம் வடிஞ்சு மூணு மாசம் கழிச்சும் அந்த தெருவுக்கு போறவங்கன்னா அது வேலை செய்யற எடம். டிசம்பர்ல மட்டும் பேனரோட வந்து போறவங்கன்னா அதுக்குமேல கேக்க வேண்டாம்.

சம்பளத்துக்கு சேர்றவங்க இன்னும் சிலத நேரா கேளுங்க, வெக்கப்படாதீங்க. காண்ட்ராக்ட் எத்தன மாசத்துக்கு? களத்துல அடிபட்டா இன்சூரன்ஸ் இருக்கா? பெட்ரோல் காசு யாரு தருவா? தொடர்ச்சியா வேலை பாத்தா அப்புறம் ரெஸ்ட் லீவு உண்டா? நிவாரணத்துல பணம் வர்றது டிவில நியூஸ் வர வரைக்கும்தான். நியூஸ் போச்சுன்னா பணமும் போயிடும், ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. சேவைதானன்னு கேக்காம விட்டுட்டு, ஏப்ரல்ல வாடகை குடுக்க முடியாம நின்னு, இந்த வேலைய திட்டிகிட்டே போனவங்கள பாத்திருக்கேன், எல்லாம் நல்ல ஆளுங்க, அவங்கள இழந்தது ஏரியாவுக்குதான் நஷ்டம்.

மழைக்கு முன்னாடி

டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்ளோ வருஷம் ஆச்சுன்னு பாருங்க. தண்ணில நடக்கறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வராம இருக்க முன்கூட்டியே போடற மாத்திரை இருக்கு, அத டாக்டர்கிட்ட கேட்டு அவங்க சொன்னா மட்டும் போடுங்க, பக்கத்து மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்க. கால்ல சின்ன காயம் இருந்தாகூட அன்னிக்கு தண்ணில எறங்க வேணாம், குடோன்ல வேலை பாருங்க. தண்ணில நடக்கும்போது கைல நீளமா ஒரு குச்சி, ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி தட்டி பாக்கணும், மூடி இல்லாத மேன்ஹோல் கண்ணுக்கு தெரியாது. ஈபி பாக்ஸ், ஸ்ட்ரீட் லைட் கம்பம் பக்கத்துல போகவே கூடாது. மாநகராட்சிக்கு 1913, மாவட்ட கண்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, இந்த மூணும் போன்ல இருக்கட்டும், ஒரு பேப்பர்லயும் எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு பாக்கெட்ல வெச்சுக்கங்க, போன் மொதல்ல நனையும்.

தண்ணில ஆள காப்பாத்தறது நம்ம வேலை இல்ல. அதுக்கு தீயணைப்பு துறை இருக்கு, அரக்கோணத்துல இருந்து தேசிய பேரிடர் மீட்பு படை வருவாங்க, எல்லாத்துக்கும் முன்னாடி நம்ம மீனவங்க இருக்காங்க. 2015ல படக லாரில ஏத்திகிட்டு வந்து, கடல்ல போற ஆளுங்க தெருவுல படகு ஓட்டி ஜனங்கள ஏத்திட்டு வந்தாங்களே, அதுக்கு ஈடா நம்மால ஒண்ணும் செஞ்சிட முடியாது. அவங்களுக்கு டீசல், சாப்பாடு, எந்த தெருவுல யாரு மாட்டிகிட்டு இருக்காங்கன்னு விவரம், இத குடுத்தா போதும்.

ஏதாவது ஒரு வேலைய உருப்படியா கத்துகிட்டு வாங்க. எல்லாருக்கும் பொருள் கைல குடுக்கற எடத்துல நிக்கதான் ஆசை. எங்களுக்கு தட்டுப்பாடு எதுலன்னா, ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒழுங்கா எழுதற ஆளு, குட்டியானை ஓட்டற ஆளு, எக்ஸெல்ல ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்கான்னு பாக்கற ஆளு. குடோன்ல உக்காந்து எத்தன பாய் வந்துச்சு, எத்தன போச்சுன்னு எழுதற ஒருத்தர் இருந்தா தெருவுல அந்த "இல்ல"ய சொல்ற எடமே பாதியா கொறஞ்சிடும், ஏன்னா இல்லாத பொருளுக்கு டோக்கன் குடுக்கறது அப்பதான் நிக்கும்.

லிஸ்ட் எடுக்கறது

இதான் இந்த வேலையோட உயிரு. லிஸ்ட் தப்பா போச்சுன்னா எவ்ளோ பொருள் வந்தாலும் சண்டைல முடியும்.

ஏரியால யாராவது பெரிய மனுஷன் ஒருத்தர் வந்து "தம்பி, லிஸ்ட் என்கிட்ட இருக்கு, நான் தரேன்"னு சொல்லுவாரு. வாங்கிக்கங்க, நன்றி சொல்லுங்க, ஆனா அத மட்டும் நம்பி போகாதீங்க. மகளிர் குழு அக்கா ஒருத்தர், அங்கன்வாடி ஆயா ஒருத்தர், இவங்கள கூட்டிகிட்டு வீடு வீடா நடங்க. அவங்களுக்குதான் எந்த வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா, எந்த வீட்ல மூணாவது மாடில எறங்க முடியாம ஒரு ஆயா தனியா இருக்குன்னு தெரியும்.

எண்ணும்போது கதவ எண்ணாதீங்க, அடுப்ப எண்ணுங்க. ஹவுசிங் போர்டுல ஒரு கதவு இருக்கும், உள்ள போனா அம்மாக்கு ஒரு அடுப்பு, கல்யாணமான மூத்த பையனுக்கு ஹால்ல ஒரு அடுப்பு, வாசல் நடைல பொண்ணு மாப்ளைக்கு ஒரு ஸ்டவ். ரேஷன் கார்டு ஒண்ணுதான் இருக்கும். கார்ட வெச்சு குடுத்தா ஒரு குடும்பத்துக்குதான் போகும், மீதி ரெண்டு அடுப்பும் அன்னிக்கு எரியாது. மிக்ஜாம் அப்போ அரசாங்கம் 6,000 ரூபா ரேஷன் கடைல டோக்கன் போட்டு குடுத்தாங்க, அது நெறைய வீட்டுக்கு பெரிய உதவி. ஆனா கார்டு வேற ஊர் அட்ரஸ்ல இருக்கறவங்க, வாடகைக்கு இருக்கறவங்க, மணலி பக்கம் குடோன்லயும் ஷெட்லயும் தங்கி வேலை பாக்கற பீகார், ஒடிசா பசங்க, பிளாட்ஃபார்ம்ல இருக்கறவங்க, தனியா வீடெடுத்து இருக்கற திருநங்கைங்க, இவங்கெல்லாம் எந்த லிஸ்ட்லயும் வரமாட்டாங்க. அரசாங்கம் போகாத எடத்த தேடி போறதுக்குதான் நம்ம மாதிரி ஆளுங்களே. இருக்கற லிஸ்ட்டயே காப்பி எடுத்து அதே வீட்டுக்கு இன்னொரு தடவ குடுக்கறதுன்னா நாம எதுக்கு?

எண்ணி முடிச்சதும் டோக்கன் போடுங்க, அதுல நம்ம சீல், ஒரு நம்பர், வரவேண்டிய நேரம். பத்துல ஒரு பங்கு பொருள தனியா எடுத்து வெச்சிடுங்க, விட்டுப்போனவங்க கண்டிப்பா வருவாங்க. குடுக்கறத தெரு முனைல மெயின் ரோட்ல ஆரம்பிக்காம கால்வாய் ஓரம் இருக்கற கடைசி வீட்ல இருந்து ஆரம்பிங்க. லாரி மேல நின்னு தூக்கி போடறத எப்பவும், எந்த காரணத்துக்கும் செய்யாதீங்க. ஓடி வந்து புடிக்க முடிஞ்சவனுக்குதான் அது போய் சேரும், வயசானவங்க விழுவாங்க, கேவலப்படறது அவங்க இல்ல, நாமதான்.

என்ன குடுக்கறது, என்ன வேணாம்

பழைய துணி வேணாம். தயவு செஞ்சு வேணாம். சுனாமிக்கப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரமா மலை மாதிரி பழைய துணி கொட்டி கெடந்துச்சு, யாரும் எடுத்துக்கல, மழைல நனைஞ்சு மக்கி அத அள்றதுக்கே தனியா ஆளு தேவைப்பட்டுச்சு. எல்லாம் இழந்து நிக்கிற ஒரு பொம்பளைக்கு இன்னொருத்தர் கட்டி கிழிஞ்ச பொடவைய நீட்டறது உதவி இல்ல. புது நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை, கொசுவத்தி, பக்கெட், குடம், டார்ச். இந்த லிஸ்ட்ல யாருக்கும் தோணாதது உள்ளாடையும் நாப்கினும்தான், ஆனா அக்காங்க நம்ம கூட வந்திருக்கற பொண்ணுங்கள ஓரமா கூட்டிட்டு போய் மெதுவா மொதல்ல கேக்கறது அதுதான். அதனால ஒவ்வொரு டீம்லயும் பொண்ணுங்க இருந்தே ஆகணும்.

உலகம் முழுக்க நிவாரண வேலைக்கு ஸ்ஃபியர்னு ஒரு கையேடு வெச்சிருக்காங்க, அதுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூஸ்னு கணக்கு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேத்துதான் அந்த 15. முகாம் நடக்கற ஸ்கூலுக்கு போனா மொதல்ல இத எண்ணி பாருங்க. சோறு எப்படியாவது வந்துடும், சுத்தி இருக்கற தெருக்காரங்களே ஆக்கி கொண்டு வந்துடுவாங்க. கக்கூஸுக்குதான் வழி இருக்காது. தண்ணி சூழ்ந்த வீட்ல பொம்பளைங்க ராத்திரி வரைக்கும் தண்ணியே குடிக்காம உக்காந்திருப்பாங்க, குடிச்சா எங்க போறதுன்னு. நாம வாட்டர் கேன் குடுத்துட்டு "ஏன்க்கா குடிக்கல"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க.

குளோரின் மாத்திரை குடுத்தா, போட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் குடிக்கணும்னு சொல்லி குடுங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில முழுசா கலக்கணும், டம்ளர்ல கொஞ்சமா போடக்கூடாது. பால் பவுடர் டப்பாவ எல்லாருக்கும் வாரி வழங்காதீங்க, சுத்தமில்லாத தண்ணில கலக்கி குடுத்தா கைக்குழந்தைக்கு வயித்தால போகும், தாய்ப்பால் குடுக்கற அம்மாவுக்கு சாப்பாடும் தனியா உக்கார ஒரு எடமும்தான் வேணும்.

"இல்ல" சொல்றது எப்படி

எவ்ளோ சரியா லிஸ்ட் எடுத்தாலும் இந்த நேரம் வரும். பொருள் முடிஞ்சிருக்கும், மழை தூறும், இருட்டிகிட்டு வரும், ஒரு அக்கா இடுப்புல கொழந்தையோட நின்னுகிட்டு, "இன்னாப்பா, அந்த தெருவுக்கு மட்டும் குடுத்துட்டு போறீங்க, நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா"ன்னு கேப்பாங்க. அவங்க கேக்கறது நியாயம். அத மொதல்ல உங்க மனசு ஒத்துக்கணும், ஒத்துக்கிட்டா குரல் தானா எறங்கும்.

பக்கத்துல போய் நில்லுங்க, வண்டில ஒக்காந்தபடி பேசாதீங்க. "பொருள் முடிஞ்சிடுச்சுக்கா, இன்னிக்கு என்கிட்ட வேற இல்ல"ன்னு நேரா சொல்லுங்க. பேரு, வீட்டு அடையாளம், எத்தன பேரு, எல்லாத்தையும் அவங்க கண்ணு முன்னாடி நோட்ல எழுதுங்க. "நாளைக்கு வரும்"னு வாய்க்கு வந்தத சொல்லிடாதீங்க. வரும்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, தெரியலன்னா "வந்தா மொதல்ல உங்க வீட்டுக்குதான்"னு சொல்லி, அப்படியே செய்ங்க. பொய்யா ஒரு தடவ சொல்லிட்டா அந்த தெருவுல அடுத்த வருஷமும் உங்கள யாரும் நம்ப மாட்டாங்க, ஜனங்க எதையும் மறக்கறதில்ல. திட்டினா வாங்கிக்கங்க, எதிர்த்து பேசாதீங்க. கை வெக்கிற அளவுக்கு போச்சுன்னா மட்டும் வண்டிய எடுத்துட்டு கெளம்பிடுங்க, பொருள் போனா போகட்டும். ஒருத்தரே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வரிசைய பாத்துக்க கூடாது, ஆள் மாத்தணும், ஏன்னா மூணாவது மணி நேரத்துல எவ்ளோ நல்ல மனுஷனுக்கும் குரல்ல ஒரு எரிச்சல் வந்துடும், அது கடைசில நிக்கிறவங்க மேல விழும்.

கட்சிக்காரங்க வருவாங்க. 2015ல நிவாரண பொருள் மேல ஸ்டிக்கர் ஒட்டின கதை ஊருக்கே தெரியும். என் அனுபவத்துல சண்டை போடறத விட, "அண்ணே, ஸ்டிக்கர் மட்டும் வேணாம், நீங்க கூட நின்னு குடுங்க"ன்னு மரியாதையா சொன்னா பெரும்பாலும் ஒத்துப்பாங்க, அவங்களும் அதே தெருக்காரங்கதான், அவங்க வீட்லயும் தண்ணிதான்.

போட்டோ விஷயத்துல நான் கறாரு. கை நீட்டி வாங்கறவங்க முகம் போட்டோல வரக்கூடாது. பணம் குடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும், அது சரி, குடோன் ஸ்டாக், கையெழுத்து போட்ட ரெஜிஸ்டர், பில், இத எடுத்து அனுப்புங்க. ஸ்கூல் போற பொண்ணு அரிசி மூட்டை வாங்கற படம் அவ கிளாஸ் பசங்க போனுக்கு வந்தா அவ எப்படி மறுநாள் ஸ்கூலுக்கு போவா?

மனசு, ஒடம்பு, வீடு

இங்க வேலை செய்யறவங்க பாதி பேரு இதே ஏரியா ஆளுங்க. அவங்க வீட்லயும் தண்ணி, ஃப்ரிட்ஜ் மெதக்குது, அம்மா கட்டில் மேல உக்காந்திருக்காங்க, இவங்க பக்கத்து தெருவுக்கு பாய் குடுத்துகிட்டு இருப்பாங்க. இது தியாகம்னு யாராவது பாராட்டினா எனக்கு கோவம் வரும். மொதல்ல வீட்ட பாத்துட்டு வாங்க. எங்க டீம்ல இப்ப இத விதியாவே வெச்சிருக்கோம், வீட்ல தண்ணி பூந்தவங்களுக்கு மொத நாள் டியூட்டி கெடையாது.

ஒடம்பு அலுப்பு தூங்கினா போயிடும். ஆனா வேலை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுதான் மத்ததெல்லாம் வரும். சோத்துல கை வெச்சா அந்த தண்ணி நாத்தம் மூக்குல அடிக்கும். வீட்ல பிரியாணி ஆக்கினா சாப்பிடவே குத்தமா இருக்கும். பிள்ளைங்க சின்னதா ஒண்ணு கேட்டா சுள்ளுன்னு விழுவோம். "ஊருக்கெல்லாம் ஓடற, எங்களுக்கு ஒரு கேஸ் புக் பண்ண நேரமில்ல"ன்னு வீட்ல சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான். இது வந்தா நீங்க பலவீனமான ஆளுன்னு அர்த்தமில்ல, இத்தன பேரோட கஷ்டத்த கேட்ட எந்த மனசுக்கும் வர்றதுதான். டீ கடைல நின்னு ஜாலியா பேசினா சரியாகிடும்னு விட்டுடாதீங்க. வேலை முடியற அன்னிக்கு சாயந்திரம் டீமா வட்டமா உக்காந்து, போன ஓரமா வெச்சுட்டு, இன்னிக்கு எது மனச உறுத்துச்சுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க, யாரும் அட்வைஸ் பண்ணக்கூடாது, கேட்டா போதும். தூக்கம் ரெண்டு வாரமா வரல, அழுகை நிக்கலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரிலயே மனநல பிரிவு இருக்கு, பக்கத்துலதான், போறதுல ஒரு வெக்கமும் இல்ல.

ஜனங்க கிட்ட பேசறதுக்கும் ஒரு முறை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2011ல போட்ட கையேட்ல சொல்றது மூணே விஷயம்: பாரு, கேளு, சேத்துவிடு. என்ன நடக்குதுன்னு கவனிக்கிறது, அவங்க சொன்னா கேக்கறது, தேவையான எடத்தோட அவங்கள சேத்து விடறது. "என்னாச்சு, எப்படி தப்பிச்சீங்க"ன்னு தோண்டி தோண்டி கேக்காதீங்க. "எல்லாம் நல்லதுக்குதான், கடவுள் இருக்காரு"ன்னும் சொல்லாதீங்க.

இதுல என்ன கெடைக்குது

இவ்ளோ சொல்லிட்டு, அப்புறம் ஏன் இருக்கன்னு கேக்கலாம். நான் இருக்கறதுக்கு காரணம் தண்ணி வடிஞ்சதுக்கப்புறம் வர்ற வேலைதான். வெள்ளத்துல ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் எல்லாம் நனைஞ்சு கூழா போயிருக்கும். மிக்ஜாமுக்கப்புறம் தொலஞ்ச சான்றிதழுக்கு அரசாங்கம் தனி முகாமே போட்டாங்க, ஆனா எந்த ஃபாரம், என்ன ஜெராக்ஸ், எந்த கவுண்டர்னு தெரியாம அரை நாள் கூலிய விட்டுட்டு வந்து திரும்பி போறவங்க நெறைய. அவங்க கூட போய் நிக்கறதுதான் வேலை. கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு பொண்ணு, பன்னெண்டாவது முடிச்சவ, மார்க் ஷீட் கைல பிச்சு பிச்சு வருது, அத காய வெக்க இஸ்திரி பெட்டில தேய்ச்சு இன்னும் நாசமாக்கி வெச்சிருந்தா. அந்த துண்டுகள ஒரு கவர்ல போட்டு பத்திரமா எடுத்துட்டு வர சொல்லி, ரெஜிஸ்டர் நம்பர் மட்டும் படிக்க முடிஞ்சத வெச்சு மனு எழுதி, அவ ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் கூட நடந்து, டூப்ளிகேட் கைல வாங்கினப்போ அவங்க அப்பா, மூட்டை தூக்கறவரு, ஒண்ணும் பேசல, அவ பேரு எழுதியிருக்கற எடத்த வெரலால தடவிகிட்டே இருந்தாரு. அந்த பொண்ணு இப்ப காலேஜ்ல இருக்கா, லீவுல வந்து எங்களுக்கு டேட்டா என்ட்ரி பண்ணித்தரா.

அப்புறம் தெருவுல நடந்தா "நம்ம புள்ள வருது"ன்னு ஒரு ஆயா சொல்றது. நீங்க வெளியூர்ல இருந்து வந்து வேலை பாக்கறவங்களா இருந்தாலும் ரெண்டு மூணு மழை தாண்டிட்டா அது உங்களுக்கும் கெடைக்கும். எந்த ஆபீஸ்ல எவ்ளோ சம்பளம் வாங்கினாலும் அது வராது, நான் மனசார சொல்றேன். தொழில் ரீதியாவும் நெறைய கத்துக்குவீங்க, நூறு பேர சமாளிக்கிறது, அதிகாரிங்க கிட்ட மனு எழுதி பின்னாடியே போய் வேலைய முடிக்கிறது, பத்து பைசா வித்தியாசம் இல்லாம கணக்கு முடிக்கிறது, இத எந்த காலேஜும் சொல்லித்தராது.

எப்ப வர்றது, எப்படி போறது

டிசம்பர்ல வராதீங்க, ஜூலை ஆகஸ்ட்ல வாங்க. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்கும், அதுக்குள்ள உங்களுக்கு ரெண்டு மூணு தெரு பழகி இருக்கணும், அந்த அக்காங்க நம்பர் உங்க போன்லயும் உங்க நம்பர் அவங்க போன்லயும் இருக்கணும். அந்த மாசங்கள்ல அடுப்பு கணக்க எடுத்து முடிச்சிட்டோம்னா வெள்ளம் வந்த அன்னிக்கே டோக்கன் அடிச்சிடலாம்.

வேலைய விட்டு போறவங்களுக்கும் ஒண்ணு. கல்யாணம், வேற வேலை, ஒடம்பு முடியல, எதுவா இருந்தாலும் போறது தப்பில்ல, ஆனா சும்மா மெசேஜ் போட்டுட்டு போயிடாதீங்க. உங்க எடத்துக்கு வர்ற ஆள கூட்டிகிட்டு உங்க தெருவெல்லாம் ஒரு சுத்து நடங்க, ஒவ்வொரு அக்கா கிட்டயும் "இனிமே இவங்கதான்க்கா"ன்னு முகத்த காட்டி சொல்லுங்க, நோட்டையும் மனு நம்பர் எல்லாத்தையும் கைல குடுங்க, யாருக்கு என்ன பாக்கி இருக்குன்னு வாயால சொல்லுங்க. அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு ராத்திரி மழை பேஞ்சா அவங்க உங்களுக்குதான் கூப்புடுவாங்க. எடுத்து பேசி, புது ஆளோட நம்பர மறுபடியும் சொல்லுங்க.